பழைய போர்ஷே 911-க்கு வீட்டில் ஆயில் மாற்றுவது: கழற்றுவது எளிது, அளப்பதில்தான் வேலை

முதலில் அவசரமான பதில்: ஊற்றாதீர்கள். அந்த மூன்றாவது கேனை மூடி ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் இங்கிலாந்தில் இருக்கிறார், 1986 மாடல் 911 கரேரா 3.2 வாங்கியிருக்கிறார். வீட்டு கராஜிலேயே இன்ஜின் ஆயில் மாற்ற இறங்கியிருக்கிறார். காரோடு வந்த புத்தகத்தில் மொத்த ஆயில் 13 லிட்டர் என்று இருக்கிறது. வடித்தபோது 9 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. 9 லிட்டர் புது ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மறுநாள் காலையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் கம்பி) இழுத்துப் பார்த்தால் அதில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. "மீதி 4 லிட்டர் எங்கே போனது, இன்னும் 3 லிட்டராவது ஊற்றிவிடட்டுமா?" என்பதுதான் கேள்வி.

மீதி ஆயில் எங்கேயும் போகவில்லை, காருக்குள்ளேதான் இருக்கிறது. சாதாரணக் காரில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப்பில் தேங்கி நிற்கும், காலையில் வண்டி ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை இழுத்தால் சரியான அளவு தெரியும். ஏர்கூல்டு (காற்றால் குளிரும்) 911 அப்படி இல்லை. 1964-இல் உற்பத்திக்கு வந்த நாளிலிருந்தே அது டிரை சம்ப் இன்ஜின். அதாவது ஆயிலுக்குத் தனியாக ஒரு டாங்க் உண்டு. உங்கள் காரில் அது வலது பின்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே தண்டில் இரண்டு பம்புகள் சுற்றுகின்றன: ஒன்று டாங்கிலிருந்து வரும் ஆயிலை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கும் கேம்ஷாஃப்டுகளுக்கும் அனுப்பும், இன்னொன்று இன்ஜின் அடியில் வந்து விழும் ஆயிலை உறிஞ்சித் திரும்ப டாங்குக்கே தள்ளும். இன்ஜினை நிறுத்தியதும் பம்புகளும் நின்றுவிடும், அப்புறம் டாங்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாகவே மெல்லக் கசிந்து இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஒரு ராத்திரி நின்ற வண்டியில் டிப்ஸ்டிக் காய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். டிப்ஸ்டிக் இருப்பது டாங்கில், ஆயில் இருப்பது இன்ஜினுக்கு அடியில்.

சரி, வடிக்கும்போதே 13 லிட்டரும் ஏன் வரவில்லை? இந்தக் காரில் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. பின்னால் சுற்றும் பெரிய ஃபேனும் ஆயிலும் சேர்ந்துதான் சூட்டை இழுக்கின்றன. அதனால்தான் மற்ற கார்களுக்கு 4, 5 லிட்டர் போதும் என்றிருக்க, இதற்கு 13 லிட்டர் தேவைப்படுகிறது. அந்த ஆயிலைக் குளிர்விக்க முன் வலது மட்கார்டுக்குள் ஒரு ஆயில் கூலர் இருக்கிறது, அதற்குப் போய்வரும் குழாய்கள் காரின் வலது ஓரமாகவே பின்னாலிருந்து முன்வரை ஓடுகின்றன. டாங்க், இன்ஜின் இரண்டின் பிளக்கையும் கழற்றினாலும் அந்தக் கூலரிலும் குழாய்களிலும் நிற்கும் ஆயில் வடியாது. ஆகவே 13 என்பது காலியான, புதிதாகப் பூட்டிய வண்டிக்கான கணக்கு. ஆயில் மாற்றும்போது உள்ளே போவது ஏறத்தாழ 9 முதல் 10 லிட்டர்தான், வடிந்தது எவ்வளவோ அதற்குப் பக்கத்தில்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இரண்டு வடிகால் பிளக்கும் ஃபில்டரும் கசியவில்லை என்று பார்த்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் பிரஷர் முள் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் வண்டியை வெளியே எடுத்து, ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். கராஜில் நிறுத்தி ஐடிலிங்கில் விட்டால் போதாது, ரோட்டில் ஒரு இருபது நிமிடமாவது போக வேண்டும். முன் கூலருக்கு ஆயிலைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் சுமார் 85 டிகிரியில்தான் திறக்கும்; அது திறந்து, சூடான ஆயில் முழு வட்டமும் சுற்றிவந்த பிறகு பார்க்கும் அளவுதான் உண்மையான அளவு. அப்புறம் சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது. ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் மூடியைத் தூக்கி, ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து, அதற்குள் இருக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் இன்ஜின் கொஞ்சம் தடுமாறும். பயந்துவிடாதீர்கள், அது நல்ல அறிகுறி. ஆயில் டாங்கின் காற்றுக்குழாய் இன்ஜின் காற்று இழுக்கும் பாதையோடு இணைக்கப்பட்டிருக்கிறது, மூடியைத் திறந்தால் அந்த வழியாக அதிகப்படிக் காற்று உள்ளே போகிறது. தடுமாறவே இல்லை என்றால்தான் வேறெங்கோ காற்று கசிகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

அதிகமாக ஊற்றக் கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கும் இதே குழாய்தான் காரணம். டாங்க் நிரம்பி வழிந்தால் ஆயில் அந்தக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து சிலிண்டருக்குள் போகும், பின்னால் தெருவே மறையும் அளவுக்கு வெள்ளை நீலப் புகை வரும். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புத் துறைக்குப் போன் போடாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இன்ஜின் உடைந்துவிடாது, ஆனால் ஏர் ஃபில்டர் பாழ், உள்ளே ஒட்டிய ஆயிலைத் துடைத்து எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். காலையில் காய்ந்த டிப்ஸ்டிக்கை நம்பி 3 லிட்டர் ஊற்றியிருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

எனவே டிப்ஸ்டிக்கில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் போதும், அங்கேயே விட்டுவிடுங்கள். மேல் கோட்டைத் தொட வேண்டும் என்ற ஆசை வேண்டாம். கீழ்க்கோட்டில் நின்றால் கால் லிட்டர் ஊற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, மறுபடி பாருங்கள். ஏற்கெனவே அதிகமாக ஊற்றிவிட்டவர்கள் ஒரு கைப்பம்பும் மெல்லிய குழாயும் வாங்கி, ஊற்றும் வாய் வழியாகவே உறிஞ்சி எடுத்துவிடலாம், அடியில் படுத்துப் பிளக்கைத் திறக்க வேண்டியதில்லை.

டாஷ்போர்டில் இடது ஓரத்தில், பெட்ரோல் கேஜோடு சேர்ந்து ஆயில் லெவல் காட்டும் ஒரு முள்ளும் இருக்கிறது. அதுவும் இதே விதிப்படிதான்: சூடான இன்ஜின், ஐடிலிங், சமதளம். ஓட்டும்போது அந்த முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். புதிதாக 911 வாங்கியவர்கள் மோட்டார்வேயில் அதைப் பார்த்து வேர்த்துப்போய் ஓரங்கட்டுவது வாடிக்கை. ஓடும்போது பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் உள்ள டெம்பரேச்சர், பிரஷர் முள்களை. சூடான இன்ஜினில் 1000 சுற்றுக்குச் சுமார் 1 பார் என்ற கணக்கில் பிரஷர் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். சூடாக ஐடிலிங்கில் நிற்கும்போது முள் கீழே கிடப்பது இந்த இன்ஜினுக்குச் சகஜம்.

இனி, அடுத்த முறை ஆரம்பத்திலிருந்து எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

எல்லோரும் தடுக்கி விழும் முதல் இடம் வடிதட்டு. கடைகளில் கிடைக்கும் தட்டுகளில் பல 6 அல்லது 8 லிட்டர்தான் பிடிக்கும். சூடான ஆயில் டாங்கின் பிளக்கைத் திறந்தால் அது சொட்டாது, கொட்டும். தட்டு நிரம்பும்போது அந்தப் பிளக்கைத் திரும்பப் போட முயன்றால் கை வெந்துவிடும். 15 லிட்டர் பிடிக்கும் தட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாக ஒரு தட்டு. கீழே பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துவிடுங்கள், செய்தித்தாள் போதாது.

ஆயிலை வாங்கும்போதும் அங்கே 5 லிட்டர் கேன்களில் வருவதால் மூன்று கேன் வாங்குவது நல்லது. இரண்டு சரியாகப் போதலாம், போதாமலும் போகலாம். ஞாயிறு மாலை கால் லிட்டருக்காக அலைவதைவிட மிச்சமாவது மேல். இந்த வண்டி ஆயில் குடிக்கும், இடையில் ஊற்ற எப்படியும் தேவைப்படும்.

எந்த ஆயில் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கட்சி. என் கருத்து எளிமையானது: கெட்டியான ஆயில், கூடவே துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் போதுமான அளவு உள்ளது. இந்த இன்ஜினில் வால்வைத் திறக்கும் நெம்புகோலான ராக்கர், சுழலும் கேமின் மீது உரசி நகர்கிறது, உருளை எதுவும் இடையில் இல்லை; அந்த இரும்பும் இரும்பும் தொடும் இடத்தில் காவல் அந்தச் சேர்மம்தான். 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஆயில் தரம்) தரத்திலிருந்து, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகப் பாஸ்பரஸின் உச்சவரம்பை 0.08 சதவீதமாகக் குறைத்தார்கள். இதைக் கேட்டுவிட்டு "புது ஆயில் எதுவுமே பழைய காருக்கு ஆகாது" என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ரகங்களுக்குத்தான் (முதல் எண் குளிரில் ஆயிலின் கெட்டித்தன்மை, இரண்டாவது சூட்டில்). 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ரகங்களுக்கு அது பொருந்தாது. போர்ஷேயே தன் கிளாசிக் பிரிவில் 2.7 லிட்டர் வரையிலான இன்ஜின்களுக்கு 20டபிள்யூ-50-யும், 3.0 லிட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 10டபிள்யூ-60-யும் விற்கிறது. இங்கிலாந்துக் குளிரில் ஜனவரியிலும் ஓட்டுவீர்கள் என்றால் 20டபிள்யூ-வைவிடக் குறைந்த எண்ணில் தொடங்கும் ஆயில் நல்லது, வெயில் நாளில் மட்டும் எடுக்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 தாராளம். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து நேரத்துக்கு மாற்றுங்கள், பிராண்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வடிப்பதற்கு முன் வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, கை வைக்கக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் ஆறவிடுங்கள். ஆறவிடுங்கள் என்றால் ராத்திரி முழுக்க அல்ல. அடியில் போக இடம் போதாமல் தூக்க வேண்டியிருந்தால், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. டார்ஷன் பாரின் (பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) முனைகளில் உள்ள மூடிகளுக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள், முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஊற்றும் வாயின் மூடியை முதலில் திறந்துவைத்தால் ஆயில் தடையில்லாமல் இறங்கும். பிறகு டாங்க் பிளக், அப்புறம் கிராங்க்கேஸ் பிளக். இரண்டாவதை மறந்துவிட்டு வடித்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. கிராங்க்கேஸில் கணிசமான அளவு பழைய ஆயில் அப்படியே தங்கிவிடும். அரை மணி நேரம் வடியட்டும், அவசரப்படாதீர்கள், அதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம்.

பிளக்குகளின் அலுமினிய வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அது நசுங்கித்தான் அடைக்கிறது, ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது. விலையும் ஒன்றும் பெரிதில்லை. இறுக்கும்போது டார்க் ரென்ச் பயன்படுத்தி, உங்கள் மாடலின் ஒர்க்ஷாப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். உங்கள் 3.2-இல் கிராங்க்கேஸ் அலுமினியம், ஓரளவு தாங்கும். 2.4, 2.7 இன்ஜின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்; 1968 முதல் 1977 வரையிலான பெரும்பாலான 911-களில் அது மக்னீசியம், கொஞ்சம் பலத்தைக் காட்டினால் மரை வழுக்கிவிடும். அப்புறம் ஐந்து நிமிட வேலை ஐந்து வார வேலை ஆகும்.

ஃபில்டர் இன்ஜின் அறையின் வலது பக்கத்தில் இருக்கிறது. ஏசி உள்ள வண்டிகளில் கம்ப்ரசரும் அதே பக்கம் என்பதால் கை நுழைப்பதே சிரமம். பட்டை ரென்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் அடியில் பழைய துணியை நன்றாகத் திணித்துவிடுங்கள், ஏனென்றால் அங்கிருந்து சிந்தும் ஆயில் வழிந்து கீழே எக்ஸாஸ்ட் மீதுதான் விழும். இந்தக் காரின் ஹீட்டர், எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது. ஒரு கரண்டி ஆயில் சிந்தினாலும் ஒரு வாரத்துக்குக் காருக்குள் வடை சுட்ட கடாய் மாதிரி வாடை அடிக்கும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதன் மேல் இன்னொன்று ஏறினால் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் கராஜ் முழுக்க ஆயில்.

முதலில் 8 லிட்டர் ஊற்றுங்கள். 3.2-இல் சீட்டுக்கு அடியில் உள்ள டிஎம்இ ரிலேயை (இன்ஜினின் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றினால், பெட்ரோலும் தீப்பொறியும் இல்லாமல் இன்ஜின் சும்மா சுழலும், பிரஷர் முள் அசையும்வரை அப்படிச் செய்துவிட்டு ரிலேயைத் திரும்பச் செருகி ஸ்டார்ட் செய்யலாம். கட்டாயம் இல்லை, ஆனால் நான் செய்வேன். அந்த மாடலில்தான் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களுக்கும் இன்ஜின் ஆயில் பிரஷரைக் கொடுத்தார்கள், பழைய வகை டென்ஷனர்கள் செயலிழந்து இன்ஜினையே காவு வாங்கிய கதைகளுக்குப் பிறகு. அவற்றுக்கும் ஆயில் போய்ச் சேர்ந்தபின் இன்ஜின் ஓடட்டுமே. அதன் பிறகு ஓட்டிச் சூடாக்கி, மேலே சொன்னபடி அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முடியுங்கள்.

ஊற்றும் வாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1972 மாடலில் மட்டும் ஆயில் டாங்கைச் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, வலது கதவுக்குப் பின்னால் வெளியிலேயே ஒரு சின்ன மூடி வைத்தார்கள். எடை சமநிலைக்கு நல்ல யோசனைதான். ஆனால் பெட்ரோல் பங்கில் வேலை செய்பவர்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்துத் திறந்து ஆயில் டாங்குக்குள் பெட்ரோல் அடித்துவிட்டார்கள். அடுத்த வருடமே டாங்க் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. இன்றைக்கு அந்த மூடி உள்ள வண்டியைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

பழைய ஆயிலைக் கொட்டுவதற்கு முன் அதைக் கொஞ்சம் படியுங்கள். வீட்டில் செய்வதன் பெரிய லாபமே இதுதான் என்பேன், மிச்சமாகும் கூலி அல்ல. பழைய ஃபில்டரின் டப்பாவை வெட்டித் திறந்து, உள்ளே உள்ள மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு படிவது இயல்பு, செதில்களாக இருந்தால் இயல்பல்ல. காந்தத்தில் ஒட்டாத, பித்தளை நிறத்தில் மின்னும் துணுக்குகள் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டு கிடைத்தால் செயின் உரசும் பட்டைகளைப் பார்க்க வேண்டும். கையோடு வால்வு இடைவெளியையும் சரிபார்ப்பதாக இருந்தால் (ஆறிய இன்ஜினில் 0.10 மில்லிமீட்டர், இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் அதேதான்) கீழ் வால்வு மூடிகளைக் கழற்றும்போது உள்ளே ஒரு நட்டோ உடைந்த ஸ்டட் துண்டோ விழுகிறதா என்று பாருங்கள். இந்த இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் கீழ் வரிசை ஸ்டட்டுகள் (நீளமான மரைத் தண்டுகள்) உடைவது தெரிந்த வியாதி. அப்படி ஒன்று விழுந்தால் புது ஆயிலை ஊற்ற வேண்டாம், வண்டி இப்போதைக்கு ஓடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை. குறைவாக ஓடும் வண்டியில்தான் ஆயில் சீக்கிரம் கெடும். சூடேறாத சின்னச் சின்னப் பயணங்களில் ஈரமும் எரியாத பெட்ரோலும் அதில் சேர்ந்து அமிலமாகும். குளிர்காலத்துக்கு வண்டியை மூடிவைப்பவர் என்றால் மூடிவைக்கும் முன்னால் மாற்றுங்கள், வசந்தத்தில் எடுக்கும்போது அல்ல. அந்த அமில ஆயில் நாலு மாதம் பேரிங்குகளில் ஊறிக்கிடக்க வேண்டிய அவசியம் என்ன?

வடித்த ஆயிலைப் புது ஆயில் வந்த கேன்களிலேயே ஊற்றி, உங்கள் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே அதற்கென்று தனித் தொட்டி வைத்திருப்பார்கள். பிரேக் ஆயிலோ பெட்ரோலோ அதில் கலந்துவிடாதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள். ஜெர்மனியில் இதைப் படிப்பவர்களுக்கு இன்னும் வசதி: ஆயில் விற்ற கடையே அதே அளவு பழைய ஆயிலை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரே, இன்று மாலை ஓட்டிச் சூடாக்கிப் பார்த்துவிட்டு டிப்ஸ்டிக்கில் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். இரண்டு கோடுகளின் நடுவுக்குக் கீழே இருந்தால் அரை லிட்டருக்கு மேல் வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு. நாளைக் காலையில் இரண்டு பிளக்குக்கும் நேர் கீழே ஒரு வெள்ளைத் தாள் போட்டுவைத்துச் சொட்டு விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிளக்கிலிருந்து விழாமல் இன்னும் கொஞ்சம் ஓரமாக, சிலிண்டர்களுக்குக் கீழே விழுந்தால் அது ஆயில் திரும்பிவரும் குழாய்களின் ரப்பர் வளையமாக இருக்கும், நீங்கள் செய்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.